சின்னப் பெட்டிக்குப் பெரிய பிராசசர்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார். பையைக் கீழ வெக்க முடியாது, உள்ள இளநீ இருக்கு, உருண்டு போயிரும். ஆங், போதும் போதும். அருப்புக்கோட்டையில ஏறினா மதுரை வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்னு நெனச்சேன். நல்ல வேளை, நீங்க துண்டு போட்டு வெச்ச ஆளு வரலை.

கழுத்துல அட்டை தொங்குதே, கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். படிச்சவங்க வாயால கேட்டுக்கிட்டா எனக்கு ஒரு திருப்தி. இந்தச் சின்னப் பெட்டி கம்ப்யூட்டர் வருதில்ல, தடியான அகராதி கணக்கா இருக்கும், மேசையில நிமித்தி வெச்சா கையகலம்தான் இடம் பிடிக்கும். அதுல பிராசசரை மட்டும் கழட்டிட்டு வேற போடலாமா, கூடாதா?

பாருங்க. 'போர்டோட ஒட்டினதா இல்லாம, சாக்கெட்ல மாட்டுறதா இருந்தா மாத்தலாம்'னு நீங்களே சொல்லிட்டீங்க. என்னது சாக்கெட்தான். இருங்க, அந்த 'ஆனா'வைக் கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாரும் அந்த ஆனாவுலதான் என்னைய மாட்டிவிடுறாங்க. மாத்தலாமா? மாத்தலாம். இதைத்தான் நான் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொன்னேன். அந்த மனுசன் என்னையக் கொலைகாரன் கணக்கா ஏற இறங்கப் பார்க்குறாரு. யாரும் சாகலையே சார். யாரும் சாகலை.

என் பேரு தவசிலிங்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பவளம் ஸ்டுடியோ என்னோடதுதான். பவளம் என் சம்சாரம். ஊர்ல பாதிப் பேரு காதுகுத்துலருந்து கல்யாணம் வரைக்கும் என் கேமராவுக்கு முன்னாடி நின்னவங்கதான். இப்ப எல்லாம் செல்போனாப் போச்சு. கல்யாணத்துக்கு மட்டும்தான் நம்மளத் தேடி வர்றான், அதுவும் ஆல்பத்துக்காக. ஆல்பம்னா டிசைன். டிசைன்னா காளீஸ்வரி.

காளீஸ்வரி எங்கிட்ட வேலை பார்த்த பிள்ளை. 'பார்த்த'ன்னு சொல்லக்கூடாது, 'பார்க்குற'. நான் இன்னும் அவளை வேலையை விட்டு நிப்பாட்டலை. அதைக்கூட யாரும் ஒரு பெரிய மனசாச் சொல்ல மாட்டேங்கிறாங்க.

அவ கை இருக்கே, அப்படி ஒரு கை சார். தாலி கட்டுற நேரம் பொண்ணு கண்ணை மூடியிருப்பா. இவ வேற படத்துலருந்து ரெண்டு கண்ணை எடுத்து அப்படியே பொருத்திருவா, பெத்தவளுக்கே தெரியாது. செத்துப்போன அப்பனை மகன் கல்யாணத்துல கொண்டாந்து நிப்பாட்டுவா. நிழலு சரியா விழும், மாலையில ஒரு பூ அவரு தோள்ல படும். வீட்டு ஆளுக பார்த்துட்டுக் கடையில நின்னே அழுவாங்க. 'அந்தப் பிள்ளை செஞ்சாத்தான் வேணும்'னு கேட்டுத்தான் வருவாங்க. எனக்கு அதுல கோவமெல்லாம் கிடையாது. கடை என் பேருலதானே இருக்கு.

அவளுக்குன்னு மாடிப்படிக்குக் கீழ ப்ளைவுட் அடிச்சு ஒரு கேபின் போட்டுக் குடுத்தேன். ஜன்னல் வெக்க முடியாது, அந்தப் பக்கம் ஹோட்டல் சுவரு. ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைக்கு அடியில, கால் வெக்கிற இடத்துக்குப் பக்கத்துல, கதவு போட்ட சின்ன அலமாரி. பெட்டியை அதுக்குள்ள வெச்சுட்டேன், தூசி படக்கூடாது பாருங்க. பழைய ஸ்க்ரீன் துணி, தெர்மாகோல், ஃப்ளெக்ஸ் சுருளு எல்லாம் அவ முதுகுக்குப் பின்னாடி சாத்தியிருக்கும். வேற எங்க சார் வெக்கிறது? முன்னாடி கஸ்டமர் உட்காரணும்ல?

இந்த வைகாசியில வந்துச்சு வினை. மில் முதலாளி வீட்டுக் கல்யாணம். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை கனடாவுல இருக்காரு, கிளம்புறதுக்குள்ள ஆல்பம் கைக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. எங்க பெட்டியோ ஒரு படத்தைத் திறக்கச் சொன்னா வட்டத்தைச் சுத்த விட்டுட்டு உட்கார்ந்திருக்கு. நான் காளீஸ்வரிக்குப் பின்னாடி நின்னு அந்த வட்டத்தையே பார்ப்பேன். எதிர்த்த கடைக்காரன் அந்நேரத்துக்கு ரெண்டு ஆல்பத்தை முடிச்சுக் கட்டு கட்டியிருப்பான்.

"அண்ணாச்சி, இது வீட்டுல கணக்கு வழக்கு பார்க்குறதுக்குச் செஞ்ச பெட்டி. பெரிசா ஒண்ணு வாங்கிருங்க"ன்னா காளீஸ்வரி.

எனக்குத்தான் யோசனை ஓடுச்சு. பெட்டி நல்லாத்தானே இருக்கு? மெதுவா யோசிக்கிறது பிராசசர். அப்ப மூளையை மட்டும் மாத்தினா என்ன? இது தப்பா சார்? நீங்களே மாத்தலாம்னீங்க.

எட்வின்னு ஒருத்தன் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். பி.இ. படிச்சவன், ஏசி போட்ட கடை, வாடிக்கையாளரை நிக்க வெச்சே பேசுவான். காளீஸ்வரியையும் கூட்டிக்கிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். மூடியைக் கழட்டிப் பார்த்தான்.

"மாட்டினா உட்காரும் அண்ணாச்சி. ஆனா உட்கார்றது வேற, ஓடுறது வேற"ன்னான்.

"புரியும்படியாச் சொல்லுப்பா."

"இந்த ஃபேனைப் பாருங்க, உள்ளங்கை அளவுகூட இல்லை. பவர் சப்ளையும் இந்தப் பழைய பிராசசருக்கு அளவெடுத்துக் குடுத்தது. பெரிசைப் போட்டா அது கரண்டையும் கூடக் கேக்கும், சூட்டையும் கூடக் கக்கும். அந்தச் சூடு வெளிய போக இதுல வழி இல்லை."

"வேற என்னதான் செய்ய?"

"மெமரியைக் கூட்டுறேன், பழைய டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுறேன். ஓரளவுக்கு வேகம் கிடைக்கும். பிராசசர்ல நான் கை வெக்க மாட்டேன்."

கை வெக்க மாட்டேன். தொழில் பண்றவன் பேசுற பேச்சா இது? அந்தப் பிள்ளைக்கு முன்னாடி வெச்சு என்னைய ஒண்ணும் தெரியாதவன் கணக்கா நிப்பாட்டிட்டான். திரும்பி வர்றப்ப அவளும், "அவரு சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது அண்ணாச்சி"ங்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? இப்ப அதே எட்வின் ஊரெல்லாம் போய், 'நான் அன்னைக்கே சொன்னேன், அன்னைக்கே சொன்னேன்'னு தண்டோரா போட்டுக்கிட்டுத் திரியுறான். உனக்கு அவ்வளவு அக்கறை இருந்தா நீயே பார்த்துப் பதமா மாட்டிக் குடுத்திருக்கலாம்லடா?

தெய்வேந்திரன் அப்படி இல்லை. கடை கிடையாது, ஸ்கூட்டர்ல பையை மாட்டிக்கிட்டு வீடு வீடாப் போய் வேலை பார்ப்பான். முகத்துல எந்நேரமும் சிரிப்பு. "அண்ணாச்சி, மாத்த முடியாதுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கா?"ன்னான். எங்கயோ ஒரு கம்பெனியில கழிச்சுக் கட்டின மெஷின்லருந்து பிராசசர் கொண்டாந்தான். "பழசுதான், ஆனா ராஜா"ன்னான். மாட்டினான். உட்கார்ந்துச்சு. எட்வின் சொன்னது பொய்யா இல்லையா, சொல்லுங்க?

சரி, உட்காரும்னு அவனும் சொன்னான்தான். அதை விடுங்க.

பெரிய ஃபேன் போட்டா மூடி பூட்டலைன்னு பழைய ஃபேனையே வெச்சுட்டான். சுவிட்சைப் போட்டதும் பார்க்கணும் நீங்க! படம் பொத்துப் பொத்துன்னு விழுது. காளீஸ்வரிகூடச் சிரிச்சுட்டா. எல்லாருக்கும் வடை, காப்பி வாங்கிக் குடுத்தேன். தெய்வேந்திரனுக்குத் தோள்ல துண்டு போர்த்தினேன். அன்னைக்குச் சாயந்தரம் எதிர்த்த கடைக்காரன் வாசல்ல நிக்கிறப்ப வேணும்னே சத்தமாச் சொன்னேன், "ஏம்மா காளீசு, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

அப்புறம்தான் அந்தப் பிள்ளை ஒவ்வொண்ணாக் குறை சொல்ல ஆரம்பிச்சா.

முதல்ல வாடை. "கருவாடு கருகுற மாதிரி வாடை அடிக்குது அண்ணாச்சி"ன்னா. எனக்கும் லேசா அடிக்கத்தான் செஞ்சுச்சு. "பக்கத்துல ஹோட்டல் இருக்குல்ல, அங்க வறுப்பாங்க"ன்னேன். "அது சைவ ஹோட்டலு அண்ணாச்சி"ங்கிறா. எதுக்கெடுத்தாலும் ஒரு பதில்.

அடுத்து, பெட்டி தன்னால அணைய ஆரம்பிச்சுச்சு. பாதி வேலையில டப்புன்னு நிக்கும். செஞ்சது பூராம் போயிரும். தெய்வேந்திரனைக் கூப்பிட்டேன். "சூடு ஏறினா தானா அணையுற மாதிரி வெச்சிருப்பாங்க அண்ணாச்சி. பயந்தாங்கொள்ளி செட்டிங். நான் எடுத்துவிட்டுர்றேன்"னு எதையோ தட்டினான். அதுக்கப்புறம் அணையலை. பாருங்க, பிரச்சினைன்னா இப்படித் தீர்க்கணும்.

ஒரு நாள் அலமாரியைத் துடைக்கத் திறந்திருக்கா. பெட்டிக்குப் பின்னாடி பல்லி ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. நசுங்கிச் சாகலை, காஞ்சு போய் அப்பளம் கணக்கா விறைச்சுக் கிடந்துச்சு. ஒரு பேப்பர்ல ஏந்திக் கொண்டாந்து என் முன்னாடி மேசையில வெக்கிறா. கஸ்டமர் உட்கார்ந்திருக்காங்க சார்! "இதை எதுக்குத்தா இங்க கொண்டாந்த? தூரப் போடு"ன்னேன். அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. வைகாசி வெயில்ல பல்லி சாகாம என்ன செய்யும்? அருப்புக்கோட்டை வெயிலு உங்களுக்குத் தெரியாது.

அன்னையிலருந்து அலமாரிக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே வேலை பார்த்தா. டேபிள் ஃபேனை எடுத்துத் தரையில வெச்சு, பெட்டிக்குக் காத்து விடுறா. கஸ்டமர் மேக்கப் கரைஞ்சு வழியுது, இவ பெட்டிக்கு விசிறி போடுறா. ஃபேனை எடுத்து முன்னாடி வெச்சுட்டேன். கதவையும் சாத்தினேன். நான் அந்தப் பக்கம் போனதும் திறப்பா. நான் சாத்துவேன். அவ திறப்பா. இது ஒரு விளையாட்டாப் போச்சு அவளுக்கு.

இதுக்கிடையில பவர் சப்ளை போயிருச்சு. பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தெய்வேந்திரன் வேற ஒண்ணு கொண்டாந்தான். அது பெரிய கம்ப்யூட்டருக்குள்ளது, இந்தப் பெட்டிக்குள்ள நுழையலை. "வெளிய இருந்தா என்ன அண்ணாச்சி, கரண்ட் வந்தாச் சரிதானே?"ன்னு பெட்டி மூடியைக் கழட்டிப் போட்டுட்டு, ஒயரை வெளிய இழுத்து, அதை அலமாரியில பக்கத்துலயே சாத்தி வெச்சான். அதுக்கு மேல்தகடு இல்லை. "காத்தோட்டமா இருக்கும்"னான். நல்ல மூளைக்காரன்.

அது வந்தப்புறம் கேபினுக்குப் போற ஃபியூஸ் அடிக்கடி போக ஆரம்பிச்சுச்சு. அதுக்கெல்லாம் நான் ஆளைக் கூப்பிட மாட்டேன் சார், நானே பார்ப்பேன். ஒரு கம்பி நிக்கலையா, ரெண்டு கம்பியை முறுக்கிக் கட்டு. அதுவும் நிக்கலையா, ஒயரை உரிச்சு உள்ள இருக்கிற செம்பைப் போடு. போட்டேன். அப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. ஒருக்காகூடப் போகலை.

சிரிக்கிறீங்களா சார்? இல்லையா? சரி.

காரியாபட்டி வந்திருச்சு. டீ சாப்பிடுறீங்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம்.

காளீஸ்வரிக்குத் தலைவலின்னு ஒரு நாள் லீவு கேட்டா. மறுநாள் வாந்தி. அப்புறம் அவ அண்ணன் வேல்மயில் வந்தான். ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பார்க்குறவன், கண்ணெல்லாம் செவந்து கிடக்கும். "அண்ணாச்சி, அவ பயப்படுறா. இனிமே அனுப்பலை"ன்னான்.

நான் அவனை உட்கார வெச்சு எவ்வளவு பக்குவமாப் பேசினேன் தெரியுமா? "தம்பி, உன் தங்கச்சி எனக்கு மக மாதிரி. இந்த ஒரு ஆல்பம். அவ பாதியில விட்டா வேற யாராலயும் அதை எடுத்துச் செய்ய முடியாது. மில் முதலாளி வேற யாரும் இல்லை, நீ வேலை பார்க்குற மில்லு முதலாளிதான். அவரு வீட்டுக் கல்யாண ஆல்பம் உன் தங்கச்சியால கெட்டுச்சுன்னு பேரு வரலாமா?"ன்னேன். மிரட்டினேன்னு இப்பச் சொல்றான். நான் மிரட்டினேனா? உள்ளதைச் சொன்னேன். அவன் எழுந்திரிச்சுப் போயிட்டான். மறுநாள் காளீஸ்வரி வந்துட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? பெட்டி ரெம்பச் சுடுதுன்னு மத்தியானம் அவளே அணைச்சுட்டு, வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கா.

"என்னத்தா இது?"

"கொஞ்சம் ஆறட்டும் அண்ணாச்சி."

"ஆல்பம் ஆறிப்போயிரும். போடு."

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. என் காலுகிட்ட ஏதோ ஒண்ணு உட்கார்ந்து மூச்சு விடுற மாதிரியே இருக்கு. கொலுசு சுடுது அண்ணாச்சி."

"கொலுசைக் கழட்டி வெச்சுட்டு வேலையைப் பாரு."

பொம்பளைப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி மனப்பிராந்தி வரும் சார். தனியா ஒரு இடத்துல உட்கார்ந்தே வேலை பார்த்தா வரும். என் சம்சாரமும் வீட்டுல அதைத்தான் சொன்னா, 'அந்தப் பிள்ளையை முன்னாடி கொண்டாந்து உட்கார வையுங்க'ன்னு. பெட்டியை இடம் மாத்தினா ஒயரெல்லாம் கழட்டணும், திரும்ப மாட்டணும். அதுக்கெல்லாம் அப்ப ஏது நேரம்? அலமாரிக்குக் கொண்டி வெச்சு ஒரு குட்டிப் பூட்டைப் போட்டேன். சாவி என் அரைஞாண் கயித்துல. இனிமே திறக்கவும் முடியாது, அவளா அணைக்கவும் முடியாது, வேலை ஓடும். ஓடுச்சு சார். ரெண்டு நாள்ல கோயில் பகுதி, வரவேற்புப் பகுதி எல்லாம் முடிச்சுட்டா. ஆனா முன்ன மாதிரிப் பேசுறது கிடையாது. காலைத் தூக்கி நாற்காலி மேல மடிச்சு வெச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம செய்வா. நான் அதை நல்ல மாத்தம்னு நெனச்சேன்.

அன்னைக்கு நல்ல பகல். ஒரு டீச்சர், மகனைப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பயல் அசையுறான், நான் அசையாதடாங்கிறேன். காளீஸ்வரி கேபின்லருந்து வெளிய வந்தா. ஓடி வரலை, நடந்துதான் வந்தா. ரெம்ப அமைதியாச் சொன்னா, "அண்ணாச்சி, அலமாரி இடுக்குல புகை வருது. மெயினை அணைங்க. எல்லாரும் வெளிய போங்க."

டீச்சர் மகனைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் மெயினை இறக்கினேன். அதை நான் உடனே செஞ்சேன், எழுதிக்கோங்கன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். வெளிய வந்து பார்த்தா, கேபின் கதவு வழியாப் புகை தரையோட தரையா வருது. அது மேல கிளம்பலை சார், கருப்பா, தண்ணி ஊர்ற மாதிரி ஊர்ந்து வருது. காளீஸ்வரி எனக்குப் பக்கத்துல ரோட்டுலதான் நின்னா. இதை மட்டும் நீங்க மறந்துரக் கூடாது. அவ தப்பிச்சு, ஒரு சிராய்ப்புகூட இல்லாம, வெளிய நின்னா.

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "அய்யோ, கல்யாணப் படம் பூராம் உள்ள இருக்கே!" அவ்வளவுதான். யாரைப் பார்த்துச் சொன்னேன்? வானத்தைப் பார்த்துச் சொன்னேன். நொந்துபோன மனுசன் புலம்ப மாட்டானா?

அவ என்னையப் பார்த்தா. "சாவி"ன்னா.

கேட்டா, குடுத்தேன். நான் அவ கையைப் பிடிச்சுச் சாவியைத் திணிச்சேன்னு வேல்மயில் எழுதிக் குடுத்திருக்கான். அவன் பார்த்தானா? ஹோட்டல்காரன் பார்த்தானாம். ஹோட்டல்காரனுக்கும் எனக்கும் சாக்கடைத் தகராறு நாலு வருசமா ஓடுது சார், அவன் வேற என்ன சொல்லுவான்? திணிச்சேனா, குடுத்தேனா... அந்த நேரத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அரைஞாண் கயித்தை அறுத்துக் குடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கு. இடுப்புல இன்னும் கன்னிப்போய்த் தடம் கிடக்கு, பார்க்குறீங்களா?

துப்பட்டாவை வலது கையில சுத்திக்கிட்டு உள்ள போனா. நான் வாசப்படி வரைக்கும் போனேன். பூட்டைத் திறக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கதவைத் திறந்திருக்கணும். உள்ள அடைஞ்சு கிடந்த தீயி, காத்து கிடைச்சதும் 'உஸ்'ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாருங்க. கேபின் பூராம் ஆரஞ்சு நிறமாச்சு. நான் அவ பேரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன்னுதான் நெனைக்கிறேன்.

வந்துட்டா சார். ஒயரைப் பிச்சுட்டு, பெட்டியை அந்த வலது கையிலயே ஏந்திக்கிட்டு வந்துட்டா. ரோட்டுல பதமாக் கீழ வெச்சா. வெச்சுட்டுக் கையை எடுக்கப் பார்க்குறா, எடுக்க முடியலை. அது நைலான் துப்பட்டா. உருகி, கையோட கையா, பெட்டியோட பெட்டியா ஒட்டிக்கிச்சு. அவ கத்தவே இல்லை. கையை ஒரு மாதிரி வேடிக்கை பார்க்குற மாதிரிப் பார்த்துக்கிட்டே நின்னா. ஹோட்டல்காரன்தான் குடத்தோட தண்ணியைக் கொண்டாந்து ஊத்தி, ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். நான் பெட்டியை விட்டுட்டு எப்படிப் போறது? கூட்டம் கூடிருச்சு. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்.

உங்களுக்கு ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. பெட்டி ஒரு பக்கம் வெந்து போச்சு, ராஜா பிராசசர் கரிக்கட்டை. ஆனா டிஸ்க் தப்பிச்சிருச்சு! மதுரையில ஒருத்தன்கிட்ட குடுத்து எடுத்தேன். ஒரு படம்கூடப் போகலை. ஒரு படம்கூட! அவ செஞ்சு வெச்ச பக்கம் அத்தனையும் அப்படியே இருந்துச்சு. மிச்சத்தை வெளிய குடுத்து முடிச்சு, மாப்பிள்ளை ஃப்ளைட் ஏறுறதுக்கு முந்தின நாள் ஆல்பத்தைக் கையில குடுத்துட்டேன். மில் முதலாளி பக்கம் பக்கமாப் புரட்டிட்டு, "வேலைன்னா இதுதான்யா வேலை"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ அங்க இருந்து கேட்டிருக்கணும்.

வேல்மயிலுக்கு இப்ப மில்லுல வேலை இல்லை. அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? முதலாளி பேரைப் புகார்ல எழுதினா அவரு சும்மா விடுவாரா? தெய்வேந்திரன் போனை அணைச்சு வெச்சுட்டுத் திருப்பூர்ப் பக்கம் போயிட்டானாம். ஆக மொத்தம் நான் ஒருத்தன்தான் ஊர்ல தலையைக் காட்டிக்கிட்டு, ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்.

இப்பவும் ஆஸ்பத்திரிக்குத்தான் சார். நாளைக்கு அவகிட்ட வாக்குமூலம் வாங்க ஆள் வருதாம். 'நானாத்தான் உள்ள போனேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லணும். பொய் சொல்லச் சொல்லலையே? அவளாத்தானே நடந்து போனா? நான் தூக்கியா எறிஞ்சேன்?

போன தடவை போனப்ப அவங்கம்மா என்னையப் பார்த்ததும் எழுந்திரிச்சு வெளிய போயிருச்சு. வாங்கன்னு ஒரு பேச்சு இல்லை. நான் கட்டில் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலது கை பூராம் கட்டு. விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சாம், பிரிச்சு எடுக்கணுமாம், பிரிச்சாலும் மடங்குமான்னு சொல்ல முடியாதுங்கிறாங்க நர்ஸம்மா. நான் அவளுக்குத் தைரியம் சொல்லணும்ல? ஆல்பம் நல்லா வந்திருக்குன்னு சொன்னேன். மில் முதலாளி சொன்னதைச் சொன்னேன். கேபினைப் புதுசாப் போட்டுட்டேன், பெயின்ட் வாடைகூடப் போகலை, புதுப் பெட்டியும் வாங்கியாச்சு, முன்னதை விடச் சின்னது, உள்ளங்கையில வெச்சுக்கலாம்னேன். அவ இடது கையில தண்ணி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு மேல சுத்துற ஃபேனையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா.

அந்த டம்ளரைப் பார்த்ததும்தான் சார் எனக்குச் சட்டுன்னு தோணுச்சு. இடது கை நல்லா உறுதியாப் பிடிக்குதே! "காளீசு, ஒண்ணும் கவலைப்படாத"ன்னேன். "மவுஸை இடது பக்கம் வெச்சுத் தர்றேன். கம்ப்யூட்டர்லயே அதுக்கு ஒரு செட்டிங் இருக்காம், வலது பட்டன் இடதாயிருமாம், இடது பட்டன் வலதாயிருமாம். நீ எந்திரிச்சு வந்தாப் போதும்."

அவ டம்ளரை மெதுவாக் கீழ வெச்சுட்டு, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அசதி பாவம். மருந்து வேகம்.

ஆவணி பொறந்தா முகூர்த்தம் இருக்கு, மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறுவா, அப்புறம் பழகிருவா சார்.